பீரோவுக்குப் பின்னால்

பீங்கான் கம்பெனி வேலை முடிந்து பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“வைஃபை எட்டாததாலதான் எங்க அக்கா கொழந்த பொழச்சிதுக்கா,” என்றாள் இளையவள்.

“என்னடி சொல்ற?” என்றாள் மற்றவள்.

“மாமா துபாய்ல இருக்காரு. பொறந்த கொழந்தைய லேப்டாப்புல காட்டலாம்னா, அக்கா படுத்திருக்கிற ரூம்ல சிக்னலே இல்ல. பிராட்பேண்டுகாரரு வந்து பாத்துட்டு, ‘இரும்பு பீரோ மறைக்குது, நகத்துங்க’ன்னாரு. அப்பாவும் அவரும் நகத்துனாங்க. பின்னால நல்ல பாம்பு சுருண்டு கெடக்குது.”

“ஐயையோ! கொழந்த?”

“ரெண்டடி தள்ளி பாயில தூங்குது. அக்கா வாரி எடுத்துக்கிட்டு தெருவுக்கே ஓடிட்டா. பாம்பு புடிக்கிறவரு வந்து கொண்டுபோற வரைக்கும் யாரும் வூட்டுக்குள்ள போவல.”

டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்புறம் மாமா பாத்தாரா?”

“எங்க? நாங்க எல்லாரும் அழுவறததான் மொதல்ல பாத்தாரு. ‘கொழந்தைக்கு என்னாச்சு’ன்னு அங்கேருந்து கத்துறாரு. அக்காதான் துணிய வெலக்கி மூஞ்சிய காட்டுனா. அது பாட்டுக்கு கொட்டாவி விட்டுச்சு.”