கோளாறு யார் பக்கம்?

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தொழிற்கூடத்துத் தோழர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அண்ணியாரே!

இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. மெஷினைத் திறந்து போட்டுவிட்டு இப்படியா ஒரு மனிதர் போவார்?

நம் தலைமை மெக்கானிக் அண்ணனுக்கும் எலக்ட்ரீஷியனான எனக்கும் நடந்த சண்டையை அறியாதவர் இங்கே உண்டா? எல்லாம் தந்திச் செய்தி அடிக்கும் அந்தப் பழைய டெலிபிரிண்டரால் வந்தது. ஆங்கில ‘எம்’ எழுத்தை அழுத்தினால் ‘என்’ விழும். ‘பி’யை அழுத்தினால் ‘டி’ விழும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி ஒழுங்காக அடிக்காவிட்டால் பழைய இரும்புக்கடைக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து மின்துடிப்பு. அதில் ஐந்தாவது எங்கோ தொலைகிறது. எங்கே?

“உன் காண்டாக்ட்ல அழுக்கு. கரன்ட்டே வரல” என்பார் அண்ணன்.

“உங்க லீவர்ல ஸ்பிரிங் செத்துப்போச்சு. கரன்ட் வந்தும் அசைய மாட்டேங்குது” என்பேன் நான்.

அவர் எண்ணெய் விடுவார். அது வழிந்து என் காண்டாக்டில் இறங்கும். நான் துடைத்தால், “என் எண்ணெயத் தொடைக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னா?” என்று பாய்வார். சாப்பாடு கொண்டுவந்த அண்ணியார் தலையில் அடித்துக்கொண்டார்: “நீங்க ரெண்டு பேரும் வாய மூடினா அது தானா ஓடும்!”

ஆனால் எப்பேர்ப்பட்ட உழைப்பாளி! புகைந்த மோட்டாரை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாரே, மறப்போமா? கை கொப்பளித்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்.

திங்கட்கிழமை மதியம் ஸ்பேனரைப் பிடித்தபடியே சாய்ந்தவர் எழவே இல்லை. கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா? “மொதல்ல உன் பக்கத்தப் பாருடா.”

பார்த்தேன் ஐயா, பார்த்தேன்! நேற்று ஐந்து காண்டாக்டிலும் மீட்டர் வைத்தேன். கரன்ட் சுத்தமாகப் போகிறது. பிறகு அவருடைய ஐந்தாவது லீவரில் ஸ்பிரிங்கை மாற்றினேன். ‘எம்’ ‘எம்’மாகவே விழுந்தது. “அண்ணே, உங்க பக்கம்தான்!” என்று கத்திக்கொண்டே திரும்பினேன். அவருடைய ஸ்டூல் காலியாக இருந்தது.

என்ன அநியாயம் இது! வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சந்தேகமில்லாமல் ஜெயித்தேன். அதை ஒப்புக்கொள்ளாமலேயே போய்விட்டாரே!

தோழர்களே, நாளை வெள்ளிக்கிழமை. நிர்வாகத்தார் முன்னால் அது பிழையில்லாமல் அடிக்கும். இரும்புக்கடைக்குப் போகாது. அண்ணியார் முன்னிலையில் உறுதி சொல்கிறேன்: இனி எண்ணெய் விடுவதும் நான், துடைப்பதும் நான். அவர் பக்கமும் இனி என் பக்கம்தான்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை, அண்ணே.