வனஜாக்ஷியின் விரல்

...இல்ல டாக்டரே, நீங்களே சொல்லுங்க, மூணு மோட்டாரும் ஒரே மாதிரியா மோசமா இருக்கும்? மூணு! அதே எடம், முன்னாடி வலது பக்கம், ஒண்ணாம் நம்பர். பழசக் கழட்டிப் புதுசு போட்டேன், நடுக்கம். அதையும் கழட்டி இன்னொண்ணு போட்டேன், அதுவும் நடுக்கம். இது மூணாவது. காலையில ரெண்டாவது ரவுண்டுல பாத்தீங்கல்ல, திருப்பத்துல வரும்போது குளிர் ஜொரம் வந்த கோழி மாதிரி ஒதறிக்கிட்டு வந்துச்சு. ட்ரோன் பந்தயத்துக்கு வந்தோமா, கோழிப் பந்தயத்துக்கு வந்தோமான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு.

நீங்க உங்க வேலையப் பாருங்க, பாருங்க. நான் சும்மா பேசிட்டிருக்கேன், அவ்ளோதான். பக்கத்துப் பக்கத்து மேசை, பேசாம எப்படி இருக்கறது? மங்களூர்லேர்ந்து மலையேறி ஹாசனுக்கு வந்திருக்கீங்க. பல் டாக்டர்னு சொன்னாங்க. அதான் பேச்சே காணோம். உங்ககிட்ட வர்றவங்கதான் வாயத் தொறந்துட்டு பேச முடியாம கெடப்பாங்க, இங்க என்னன்னா நீங்க வாய மூடிட்டு இருக்கீங்க. எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய் ஓடாத நேரமே கெடையாதுல்ல.

என் பேரு சித்தலிங்கப்பா, மண்டியா. மோட்டார் காயில் கட்டுற கடை. முப்பத்தொரு வருஷம். எங்க சுத்துவட்டாரத்துல எந்தக் கரும்புத் தோட்டத்து பம்பு மோட்டார வேணா தொறந்து பாருங்க, உள்ள என் கைதான் இருக்கும். அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து இந்த எலுமிச்சங்கா சைஸ் மோட்டார் வெளையாட்டுக் காட்டுது. இதானே வயித்தெரிச்சல்.

நடுக்கத்த நிறுத்தறது எனக்குத் தெரியாதா? அது என் சோறு டாக்டரே. ஸ்க்ரூடிரைவரோட முனைய மோட்டார்மேல வெச்சு, பிடிய காதுல வெச்சா போதும், பேரிங் போச்சா, தண்டு வளைஞ்சதா, இல்ல ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியா, எல்லாத்தையும் அதுவே வந்து சொல்லும். கனம் ஜாஸ்தின்னா என்ன பண்ணுவேன் தெரியுமா? எதிர்ப்பக்கம் ஒரு சிட்டிகை பசை மாவு. ஒரே சிட்டிகை. சுண்டு விரல் நகத்துல எடுத்து ஒட்டுனா, எருமை மாதிரி ஆடிட்டிருந்த மோட்டார் கப்சிப்னு நின்னுரும். ஜனங்க வாயப் பொளப்பாங்க. இத்துணூண்டு மாவுக்கா இவ்ளோ பெரிய மோட்டார் அடங்குதுன்னு.

அப்போ இதுக்கு நான் என்னதான் பண்ணல? கேளுங்க. றெக்கைய மாத்தினேன். ஒவ்வொரு றெக்கையையும் ஊசியில தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து, சாயாத பக்கம் டேப்பு ஒட்டி சமம் பண்ணினேன். மோட்டார் ஸ்க்ரூ நீளமா இருந்து உள்ள கம்பியத் தொடுதான்னு பாத்தேன், தொடல. நடுவுல போர்டு இருக்கு பாருங்க, அதுதானே எல்லா ஆட்டத்தையும் பாத்துட்டு மோட்டாருக்கு சொல்றது... அது சும்மா நடுக்கத்தப் பாத்துட்டு, ஐயோ வண்டி சாயுது சாயுதுன்னு மோட்டாரப் போட்டு வெரட்டும், மோட்டார் எரியும். அதனால போர்டுக்கு அடியில நாலு மூலையிலயும் ரப்பர் வெச்சேன். மெத்து மெத்துனு, குழந்தையத் தொட்டில்ல போட்ட மாதிரி. ஊஹூம். எறக்கிட்டு ஒண்ணாம் நம்பரத் தொட்டா, மத்தூர் வடைய எண்ணெயிலேர்ந்து எடுத்த சூடு.

பெங்களூர்ல மோட்டார் குடுத்தவன் மேல எனக்கு வந்த கோவம்... ஃபோன்ல அவன நான் பேசின பேச்சுல அவன் கடையில வெளக்கே அணைஞ்சிருக்கும். பாவம், ஒரு வார்த்த பேசாம மாத்திக் குடுத்தான். ரெண்டு தடவ.

அது போகட்டும். அது இல்ல என் பிரச்சினை. அந்தப் புங்கமரத்துக்குக் கீழ பாருங்க. நீலப் பொடவ, நமக்கு முதுகக் காட்டிட்டு. அதுதான் வனஜாக்ஷி. எங்க வீட்டம்மா. நம்ம வண்டி ஓட்டறது அவதான். நான் கட்டறவன், அவ பறக்க விடறவ. என்ன, நீங்க என்னைப் பாத்து நான் ஓட்டுவேன்னு நெனச்சீங்களா? நான் ஸ்கூட்டரே நேரா ஓட்ட மாட்டேன்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா, கல்யாணத்துக்கு மேலேர்ந்து படம் பிடிப்பாங்கல்ல, அந்த ட்ரோன ஒருத்தன் ரிப்பேருக்குக் கொண்டாந்தான். சரி பண்ணிட்டு, யாராவது ஓட்டிப் பாருங்கப்பான்னேன். இவ தையல் மெஷின விட்டு எந்திரிச்சு வந்தா. இருபது வருஷமா ரவிக்கையில ஆரி வேலை பண்ற விரல் டாக்டரே. மொதல் தடவையே எங்க வீட்டுக் கொடிக்கயித்துக்கு நடுவுல, ரெண்டு துண்டுக்கு இடையில விட்டு எடுத்தா. அந்தப் பையன் ஆன்னு நின்னான். நானும் ஆன்னுதான் நின்னேன். அந்த வருஷம் முழுக்க நான் அவளப் பாத்த பார்வையே வேற.

அப்பேர்ப்பட்ட விரல நான்... என்ன சொல்றது. வாய் இருக்கே வாய். போன ஞாயித்துக்கெழம பயிற்சியில, ரெண்டாவது புது மோட்டாரும் ஒதறுன உடனே, எட்டுப் பத்து பேர் நிக்கறாங்க, அத்தன பேர் முன்னாடி சொல்லிட்டேன். "மோட்டார்ல ஒண்ணுமில்ல, உன் விரல்தான் நடுங்குது, வயசாச்சுல்ல" அப்படின்னு. வயசாச்சுல்லன்னு வேற. அத எதுக்கு சேத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அவ ரிமோட்ட மெதுவா மேசைமேல வெச்சா. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சு கெடையாது. சோறு உண்டு, ராகி முத்தெ உண்டு, பேச்சு இல்ல. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு"ன்னு செவுத்தப் பாத்து சொல்றா. நேத்து கார்ல வர்றப்ப செவுறு இல்லாததால கண்ணாடியப் பாத்து ஒரே ஒரு வார்த்த சொன்னா. நாளைக்குக் கடைசி ரவுண்டுலயும் நடுங்குச்சுன்னா இனிமே நான் அந்த ரிமோட்டத் தொட மாட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க. அவ்ளோதான். அவ சொன்னா சொன்னதுதான். கொத்தமல்லி பிடிக்கலன்னு கல்யாணத்தன்னிக்கு சொன்னா, இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டு ரசத்துல கொத்தமல்லி கெடையாது.

பதினொண்ணே முக்காலுக்கு எங்க கடைசி ரவுண்டு. இப்ப மணி என்ன? பதினொண்ணு இருவதா? இருவத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இது நிக்கலன்னா... வேற ஆளா? எங்க போயி நான் வேற ஆள் பாப்பேன் டாக்டரே. வண்டிய விட்டுடுவேன். அவ ஓட்டலன்னா எனக்கு இது சும்மா சத்தம்.

பண்டிகைக்கு முன்னாடி பட்டு மாதிரி போயிட்டிருந்துச்சு, அதான் புரியல. சத்தியமா. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூட ஓட்டினா, ஓட்டறப்ப கண்ணுல மாட்டிக்கற கண்ணாடியில படம் எண்ணெ ஊத்தி வெச்ச மாதிரி ஆடாம நின்னுச்சுன்னு சொன்னா. பூஜ முடிஞ்சு மறுநாள் எடுத்தோம், ஒதற ஆரம்பிச்சுது. கண்ணுபட்டிருச்சு. பூஜையில காயில் மெஷின், வெயிட்டு கல்லு, இந்த ட்ரோன், எல்லாத்தையும் வரிசையா வெச்சேன், தெருவே வந்து பாத்துச்சு. எதுத்த வீட்டு எலெக்ட்ரீசியன் இருக்கானே, அவன் ரெண்டு தடவ வந்தான். பொரி வாங்க ஒரு தடவ வந்தா போதாதா?

என்ன டாக்டரே, குனிஞ்சு பாக்கறீங்க? பாருங்க, பாருங்க, தாராளமா. அந்தப் பூதக்கண்ணாடி பல்லு பாக்கறதா? நல்லாருக்கே. கையால சுத்திப் பாருங்க, பேரிங் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும். மோட்டாரோட தலையில ஒரு ஓரமா என்ன தட்டிக் காட்டறீங்க... எது? இதுவா?

அது அழுக்கு இல்ல டாக்டரே. பொட்டு. கந்தம், அதான் சந்தனம், மேல குங்குமம். ஆயுத பூஜைக்கு வெச்சது. நாலு மோட்டாருக்கும் வெச்சேன், ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் பெருசா, மொதல் பொட்டு கணபதிக்குன்னு ஒரு கணக்கு இருக்குல்ல. வனஜா அப்பவே சொன்னா, "சுத்தறதுக்கு எதுக்குங்க பொட்டு, சட்டத்துல வெச்சா போதாதா"ன்னு. போடி, சுத்தறதுதானே உசுருன்னேன். முப்பத்தொரு வருஷம் நான் பொட்டு வெக்காம ஒரு மோட்டாரையும் ஓட விட்டதில்ல. பம்பு மோட்டாரெல்லாம் மேல் ஓட்டுலதான் வெப்பேன், அது நிக்கும், சுத்தாது. இதுல ஓடே சுத்துது, நான் என்ன பண்றது. புது மோட்டார் வந்தா அதுக்கும் வெக்காம விட முடியுமா? கோவிச்சுக்காதா? மூணுக்கும் வெச்சேன். சுத்துனா தெறிச்சுருமேன்னு, காயிலுக்குப் பூசற வார்னிஷ் இருக்கு பாருங்க, அத மேல ஒரு பூச்சு பூசி காய வெச்சேன். கல்லு மாதிரி நிக்கும். சுத்தியலாலகூட...

ஏன் அப்படிப் பாக்கறீங்க. பொட்டுக்கு என்ன பெரிய கனம்? இத்துணூண்டு. ஒரு சிட்டிகை இருக்குமா? ஒரு சிட்டிகை...

ஒரு...

அய்யோ சிவனே.

பேசாதீங்க டாக்டரே. நீங்க பேசவே இல்ல, ஆனாலும் பேசாதீங்க. ஒரு சிட்டிகை. ஊருக்கெல்லாம் சிட்டிகை சிட்டிகையா ஒட்டி ஆட்டத்த நிறுத்தினவன், சொந்த வண்டிக்கு ஒரு சிட்டிகை ஒட்டி ஆட்டத்த வரவழைச்சிருக்கேன். அதுக்கு மேல வார்னிஷ் வேற! அந்த பெங்களூர்க்காரன் தாயாரயெல்லாம் இழுத்தேனே. எதுத்த வீட்டுக்காரனப் பாத்து பதினஞ்சு நாளா மொறைச்சேனே.

அந்தக் கொக்கி ஊசியக் குடுங்க. இல்ல வேணாம், நீங்களே சுரண்டுங்க, பொட்டு வெச்ச கைய நம்ப முடியாது. ஆமா, பல்லுக் காறைய எடுப்பீங்கல்ல, அப்படியே. மெதுவா, காந்தம் பத்திரம்... ஆஹா, வந்துருச்சு பாருங்க, செதில் செதிலா. நாலுத்தையும் எடுத்துருங்க, கணபதி ஒண்ணும் நெனைக்க மாட்டாரு, அவருக்கு என்னை நல்லாத் தெரியும். பஞ்சுல தொடைங்க. றெக்கையக் கழட்டியாச்சு, பேட்டரி மாட்டறேன். தள்ளிக்குங்க. ஸ்க்ரூடிரைவர் எங்க... காதுல வெக்கறேன்.

...

டாக்டரே. நீங்க கேளுங்க. வைங்க காதுல. கேக்குதா? ஒண்ணும் கேக்கல, இல்ல? அதான். அதான் கேக்கணும். புதுக் குக்கர் விசில் போடறதுக்கு முன்னாடி சும்மா இருக்குமே, அந்த மாதிரி.

இப்ப ஒரே ஒரு உபகாரம் பண்ணணும். அவ வர்றா. மைக்குல எங்க பேரு கூப்பிட்டாச்சு. பேரிங்ல மணல் போயிருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க, நீங்க சொன்னா நம்புவா, படிச்சவங்க. மணல்... தூசின்னாலும் சரி. என்ன டாக்டரே, நான் உங்களத் தானே கேக்கறேன். பஞ்ச எடுத்து எங்கிட்ட ஏன் குடுக்கறீங்க? செவப்பா இருக்கே, மறைச்சு வைங்க... எங்க எழுந்து போறீங்க? டாக்டரே? உங்க ரவுண்டு மத்தியானந்தானே!

வா வனஜா. வா. ரெடியா இருக்கு. றெக்க மாட்டியாச்சு. அது வந்து, என்ன ஆச்சுன்னா, பேரிங்ல... இல்ல. நில்லு. செவுத்தப் பாக்காத, இங்க செவுறு இல்ல, என்னைப் பாரு. உன் விரல் இல்ல வனஜா. இதான். இந்த மோதிர விரல், நீ மோதிரம் போட்ட அதே விரல். இதாலதான் அந்தப் பொட்ட வெச்சேன். நீ அப்பவே சொன்ன. அன்னிக்கு எட்டுப் பத்து பேர் முன்னாடி சொன்னேன்ல, அவங்கள்ல நாலு பேர் இங்கதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா? சத்தமா சொல்றேன்.

வேணாமா? சரி... ஏன் சிரிக்கற? மரத்துக்கு அடியிலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருந்தியா? எல்லாத்தையுமா? அந்தக் கொத்தமல்லியையுமா?

என்ன பண்ற, அந்தச் செதில எதுக்கு எடுக்கற... என் நெத்தியில எதுக்கு? ஒட்டாது அது, காஞ்சு போச்சு... ஓ, வேர்வையில ஒட்டிக்கிச்சா. எதுக்குன்னு கேட்டா... என்னது? ஆடற எடத்துல ஒரு சிட்டிகை வெச்சா அடங்கும்னு நான்தானே சொல்வேன்னா?

சரி. அடங்கிட்டேன். நீ போயி ஓட்டு.