மைல்கல்லும் மொட்டைப் பனையும்

— ‘தொழிலாளியின் உடலே இந்தத் தேசத்தின் முதுகெலும்பு! அவன் நரம்பில் ஓடுவது ரத்தமல்ல, நாளைய இந்தியா!’ எப்டி கீது மாசானம்? நாளைக்கு ஹெல்த் டே மேடையில இப்டித்தான் ஆரம்பிக்கப் போறேன்.

— நல்லாத்தான் இருக்கு பலராமன் அண்ணாச்சி. கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி நின்னு பேசுங்க. நீங்க பாத்துக்கிட்டே நின்னா எனக்கு ஒண்ணுக்கு வரமாட்டேங்கு.

— இன்னா நைனா, கம்பெனி பஸ்ஸ வுட்டு இப்பத்தான் எறங்கினோம், அதுக்குள்ள மைல்கல்லு மறைவத் தேடற. லைன்லயும் இதே ரோதனை. நீ ஓடறப்பல்லாம் உன் எடத்துல நான் நின்னு காருக்குக் கதவு மாட்டிக்கினு கீறேன். நான் இந்தக் கம்பெனில சேந்தது உன் மூத்திரத்துக்கு டூட்டி பாக்கவா?

— உங்களுக்கு ரிலீவர் வேலைன்னு போட்டிருக்கதே அதுக்குத்தானே அண்ணாச்சி. ஒருத்தன் எந்திரிச்சுப் போனா அவன் எடத்துல நிக்கதுக்கு.

— போறவன் திரும்பி வந்து நிக்கணும்ல? நீ வர, கையத் தொடைக்கற, மறுபடி கையத் தூக்கற.

— அதான் எனக்கே பயமா இருக்கு. நாக்கு வறண்டு போகுது, குடிக்கேன். குடிச்சா ஓடுதேன். நாளைக்கு மெடிக்கல் வேற. பெர்மனென்ட் ஆக்குததுக்கு முன்னால மூத்திரம் பாப்பாங்களாம். சக்கரைன்னு வந்துட்டா இந்தக் காண்ட்ராக்டோட அனுப்பிருவாங்கன்னு சொல்லுதாங்க. ஆர்டர் கையில இருந்தாத்தான் தங்கமாரியக் கட்டித் தருவேன்னு மாமா ஒத்தக் கால்ல நிக்காரு.

— இதெல்லாம் அந்தக் கறுப்புத் தண்ணிய அண்டா கணக்குல ஊத்திக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். ஓவர்டைம் பாக்கறவனுக்கு கம்பெனி ஒரு பாட்டில் கூல்டிரிங்ஸ் குடுத்தா, வேணாம்ன்றவன் பாட்டிலையும் கேட்டு வாங்கிக் குடிக்கற ஆளு நீ ஒருத்தன்தான்.

— ரெண்டு ஷிஃப்டு சேத்து நின்னு பாருங்க அண்ணாச்சி. சோறு எறங்காது. அதக் குடிச்சா ஜிவ்வுன்னு ஏறும், கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் இன்னொண்ணு கேக்கும். பெயிண்ட் ஷாப்பு கோபால் அண்ணன் அப்படிப் பழகினவருதான். கால்ல ஒரு சின்னப் புண்ணு. ஆறல, ஆறல, கடைசில பெருவெரல எடுத்துட்டாங்க. முப்பது வயசு ஆகல, பாத்துக்கிடுங்க.

— கோபாலு கதைய இப்ப இன்னாத்துக்கு இழுக்கற? வேற பேசு.

— என்னத்தப் பேச? நம்ம காம்பவுண்டு பாத்ரூம்ல எறும்பு வேற ஊர ஆரம்பிச்சுட்டு. ரூம்ல இருக்க எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கோம்.

— எங்க வூட்டு கனகம் டெய்லி கத்துது. ‘வாடகைக்கு வுட்டா ரூம கெடுக்கறானுங்க, இவனுங்க மூத்திரத்தையும் கெடுத்துக்கறானுங்க’ன்னு. வூட்டு ஓனரா சொல்றேன் கேட்டுக்கோ, அந்த எறும்பு உன்னத் தேடி வந்த எறும்பு.

— அப்போ எனக்கு ஒரு ஒத்தாச செய்யுங்க. கோவிச்சுக்கிடக் கூடாது. நாளைக்கு உங்களுக்கும் டெஸ்ட் உண்டுல்லா?

— எனக்கு அது சும்மா ஒப்புக்கு. ‘ஆரோக்கியச் செம்மல்’னு ஷீல்டு குடுக்கறாங்க. ரிப்போர்ட்ட மைக்ல படிச்சுட்டுத்தான் குடுப்பாங்களாம்.

— டெஸ்ட்டுக்குப் பிடிக்கப்ப உங்க பாட்டில்ல இருந்து என் பாட்டில்ல கொஞ்சம் ஊத்துங்களேன்.

— இன்னாது!

— மெதுவா, மெதுவா. ரோட்ல ஆள் வருது.

— மாசானம், யார்ட்ட இன்னா கேக்கறன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து வடக்குப்பட்டுல எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மருவாதி கீது. சோறு போடற கம்பெனிய ஏமாத்தறதா? என் ஒடம்புலேர்ந்து பொய்யி ஒரு சொட்டு வெளிய வராது!

— சரி, விடுங்க. கேட்டது தப்புத்தான். ஆனா எனக்கு இருக்கா இல்லையான்னு இப்பமே தெரிஞ்சாகணும். ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்க முடியாது. எங்க ஊர்ல உலகம்மாள் சித்திக்கு சக்கரைன்னு மொதல்ல சொன்னது எறும்புதான், டாக்டர் அப்புறந்தான் சொன்னாரு. நான் மைல்கல்லு பக்கத்துல ஒண்ணுக்கு இருந்திருக்கேன். வருதான்னு பாப்போம்.

— நடுரோட்டுல எறும்புக்குக் காத்துக்கினு நிக்கச் சொல்றியா?

— நீங்களும் ஒரு ஓரமா இருந்துட்டு வாங்க.

— நான் இன்னாத்துக்கு?

— க்யூசி செக்கிங்ல மாஸ்டர் பீஸுன்னு ஒண்ணு வச்சிருக்காங்கல்லா? கொறையே இல்லாத பீஸு. அதோட வச்சுப் பாத்தாத்தானே மத்ததுல கோளாறு தெரியும்?

— மாஸ்டர் பீஸு... நானா?

— நம்ம லைன்ல வேற யாரு இருக்கா?

— அதுவும் வாஸ்தவந்தான். சரி, நவுரு. நான் அந்த மொட்டைப் பனை பக்கம் போறேன். சுத்தமான ஒடம்புன்னா இன்னான்னு எறும்பே வந்து உனக்குச் சொல்லும்.

...

— வாங்க, இப்படிப் பாலத்துக் கட்டை மேல உக்காருங்க. என்ன, நொண்டுதீங்க?

— சேஃப்டி ஷூ கடிச்சிடுச்சு. இந்தா, பையில மாம்பழ ஜூஸ் கீது, ஒரு வாய் குடி. உனக்கு நான் சொல்றது இதான். கறுப்பா கீறதெல்லாம் வெசம், மஞ்சளா கீறது மாம்பழம். நான் காலையில ஒண்ணு, கேன்டீன்ல ஒண்ணு, பஸ்ல ஒண்ணு. சோத்த வுட்டாலும் இத வுடமாட்டேன். நாளைக்குப் பேச்சுல கூட வருது, ‘பழமே பலம்!’

— எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. பாட்டிலக் குடுங்க, பாக்கேன். பின்னால பொடி எழுத்துல சக்கரைன்னு போட்டிருக்கே. தண்ணிக்கு அடுத்தது அதான் இருக்கு. பழம் அதுக்கும் கீழ.

— அது பழத்தோட சக்கரைப்பா.

— பழத்துலயே இனிப்பு இருந்தா மேல எதுக்கு அவன் தனியாப் போடுதான்?

— கெட்டுப் போவாம இருக்கறதுக்குப் போடுவான். எல்லாத்தையும் நோண்டாத. ஏய், எந்திரி எந்திரி, பைக்கு வருது! நம்ம ஆபீஸ் ஹெச்.ஆர். சார் மாதிரி கீது. குனிஞ்சு பாக்காத, எதையோ தொலைச்ச மாதிரி நில்லு.

— தொலைச்சவன் குனிஞ்சுதானே அண்ணாச்சி பாப்பான்?

— அப்ப தொலைக்காத மாதிரி நில்லு. வணக்கம் சார்! சும்மாதான் சார், காத்து வாங்கறோம்!... போய்ட்டாரு. போய்ப் பாரு, உன் தலையெழுத்து இன்னான்னு.

— நீங்க போய்ப் பாருங்களேன் அண்ணாச்சி. தங்கமாரி நேத்துக்கூட போன்ல, புடவை என்ன கலர்ல எடுக்கன்னு கேட்டா.

— தைரியமாப் போ. எது வந்தாலும் நான் கீறேன்.

— அண்ணாச்சி!

— இன்னா?

— எறும்பு வந்துட்டு. சாரி சாரியா வருது.

— நெனச்சேன். மனசத் தேத்திக்கோ நைனா. நாளைக்கு மேடையில உன்னத்தான் உதாரணம் காட்டப் போறேன். கவலப்படாத, பேரச் சொல்லமாட்டேன்.

— என் பக்கம் இல்ல அண்ணாச்சி. மைல்கல்லுகிட்ட ஒண்ணு ரெண்டு வந்துச்சு, மோந்து பாத்துட்டுத் திரும்பிட்டு. எல்லாம் பனைகிட்டதான் போகுது.

— பனைகிட்ட நீதான இருந்த?

— நான் மைல்கல்லு. நீங்கதான் பனை.

— பனைமரம்னா பதநீ சிந்தி இருக்கும்ப்பா.

— இது மொட்டை. இதுல ஏறி எவன் பதநீ எறக்குதான்?

— என் ஜூஸு சிந்திச்சோ இன்னாவோ.

— மூடியவே இங்கன பாலத்துக் கட்டையில உக்காந்துதானே தொறந்தீங்க. அண்ணாச்சி, நான் ஊருக்குப் போயிருந்த வாரமும் பாத்ரூம்ல எறும்பு வந்துச்சுன்னு பயலுவ சொன்னானுவ. நீங்களும் அங்கனதானே போறீங்க? வீட்டுக்குள்ள போனா அடிக்கடி தண்ணி காலியாகுதுன்னு கனகம் மைனி ஏசுதாங்கன்னு.

— அது... தொட்டி சின்னதுப்பா.

— ஷூவக் கழட்டுங்க.

— வேணாம் வுடு.

— கழட்டுங்கங்கேன். இது ஷூ கடிச்ச புண்ணா? எப்பத்துல இருந்து இருக்கு?

— தீவாளிக்கு முன்ன.

— பொங்கலே போயிட்டு! வலிக்கா?

— வலிச்சாத்தான் தேவலையே. ஒண்ணும் தெரியல.

— எந்திரிங்க. ஷேர் ஆட்டோ வருது, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு இப்பமே போயிருவோம். கோபால் அண்ணனும் இப்படித்தான், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

— போலாம்ப்பா. நாளான்னிக்குப் போலாம்.

— ஏன், நாளைக்கு என்ன?

— நாளைக்கு ஷீல்டு கீதுல்ல.

— ஷீல்டா பெருசு? வெரலு பெருசா?

— மாசானம்.

— சொல்லுங்க அண்ணாச்சி.

— காலையில உன் பாட்டில்லேர்ந்து எனக்குக் கொஞ்சம் ஊத்து.