செலண்டாரில் ஓர் அமைதியான வீடு

வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வருகிறார்கள். அது தவறு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் வாரநாளில் வந்து, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு காது கொடுத்துக் கேட்க வேண்டும். நீங்கள் செவ்வாய்க்கிழமை காலையில் வந்திருப்பது நல்லது. உட்காருங்கள், டீ ஆறிவிடப்போகிறது.

நீங்களும் என்னைப்போல வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் என்று ஏஜெண்ட் சொன்னார். அதனால்தான் அவரைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். குறையை மறைத்து வீடு விற்பது எனக்குப் பிடிக்காது. அடைமழையில் சமையலறைக் கூரை ஒழுகும். குளியலறை நிலைச்சட்டத்தைக் கரையான் அரித்தது. மாற்றிவிட்டேன், மறுபடி வரலாம். அப்புறம் இந்தச் சுவர். அதைப்பற்றிச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

என் பெயர் பிரான்க்ளின். மனைவி கிளாரிசா ஜாசினில் பள்ளி ஆசிரியை. என் கம்பெனி மெல்பர்னில் இருக்கிறது. அவர்களுடைய வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்கப் பேசுவதுதான் என் வேலை. அறுந்துபோகாத இணையமும் சத்தமில்லாத சுவர்களும் இருந்தால் எனக்குப் போதும். அதற்காக நாங்கள் மலாக்கா முழுக்க அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. செங் பக்கம் எல்லா வசதியும் உண்டு, ஆனால் பேக்டரி ஷிஃப்ட் மாறும்போது மோட்டார் சைக்கிள்கள் தெருவைப் பிளந்துகொண்டு போகும். ரெம்பியாவில் வீடு விலை குறைவு, காற்றும் நன்றாக இருந்தது. இடி இடித்தால் லைன் போய்விடும் என்று அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் நேர்மையாகச் சொல்லிவிட்டார். கடைசியில் இந்தத் தாமான், இந்தச் சின்னக் குடியிருப்பு. பின்னால் செம்பனைத் தோட்டம். ஒலிபெருக்கி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. நான் ஒரு வாரநாள் காலையில் வந்து, இப்போது நீங்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கே வீட்டைப் பேசி முடித்தேன்.

இந்தச் சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டுப் பாக்கியசாமி அண்ணன் அந்த வாரம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அது எனக்குத் தெரியாது. ஏன் இவ்வளவு அமைதி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

குடிவந்த சில நாட்களிலேயே செய்தி பரவிவிட்டது, இந்த வீட்டில் ஓர் ஆள் பகலில் இருக்கிறான் என்று. என் வாசல் தபால் நிலையமாகிவிட்டது. எதிர்வீட்டு நூர் ஹிதாயாவின் பார்சல்கள், கோடி வீட்டுக்காரரின் சமையல் கேஸ் தோம்பு, ஊருக்குப் போனவர்களின் பூனைக்குச் சாப்பாடு. "நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க லா" என்பார்கள், சிரித்துக்கொண்டே. அந்தச் சும்மாவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆபீசுக்குக் காரில் போகிறவனின் மேசையில் யாராவது கேஸ் தோம்பைக் கொண்டுபோய் வைப்பார்களா? மகளுக்கு வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளை வாய்த்துவிட்டான் என்று என் மாமனார் தேவாலயத்தில் நாலு பேரிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். நான் கத்துகிற ஆள் இல்லை. எல்லோருக்கும் சரி சரி என்றேன். கோபம் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். வலது பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிருந்தது, பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி பிரிஜிட் அக்காவுக்குச் செங்கில் பேக்டரி வேலை. விடியும்போதே பேக்டரி பஸ் ஏறினால் திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். ஒருமுறை அண்ணன் ஊர்ந்தே லாரி போகும் சாலைவரை போய்விட்டாராம். அதனால் அக்கா வாசல் கிரில் கதவுக்கு வெளியே பூட்டுப் போட ஆரம்பித்தார். அந்தப் பூட்டின் இன்னொரு சாவியை வாங்கி வந்தவள் கிளாரிசா. "அவரு வீட்டுலதானே க்கா இருக்காரு, பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். இதோ, இந்த ஆணிதான்.

அண்ணனும் அக்காவும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். நானும்தான். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் பலகைதான் இருக்கும். பாம்பு வந்தாலும், பிரசவ வலி வந்தாலும், உப்புத் தீர்ந்தாலும் பலகையைத் தட்டுவார்கள். அடுத்த வீட்டிலிருந்து ஆள் ஓடிவரும். தட்டியும் போகாதவர்களோடு லயத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். என் அம்மா சோறு பிசைந்த கையோடு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை அக்கா இந்தச் செங்கல் சுவருக்குக் கொண்டுவந்துவிட்டார். கட்டிலைச் சுவரோரம் போட்டு, அண்ணனின் நல்ல கையில் ஒரு கைத்தடியைக் கொடுத்து, வேண்டுமென்றால் தட்டுங்கள், தம்பி வந்துவிடுவார் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த லயத்திலிருந்து வெளியேறத்தான் நான் படித்தேன். அது என் பின்னாலேயே வந்து சுவரைத் தட்டியது.

முதலில் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கொடுத்தேன், ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன், மூத்திரச் சட்டியைக்கூடக் கழுவி வைத்தேன். ஆனால் பாதி நாள் அவருக்கு எதுவும் வேண்டியிருக்காது. வாடிக்கையாளரோடு பேசுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினால், ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி மெத்தையைத் தட்டிக் காட்டுவார். எனக்கு அழுவதா அறைவதா என்று தெரியாது. ஒருநாள் மீட்டிங்கில் வாடிக்கையாளர் ஒருவர், வீட்டில் ரெனவேஷன் நடக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டம் என்றாள். மலாக்கா மாநிலம் முழுக்கத் தேடி, இருப்பதிலேயே அமைதியான இடத்தை வாங்கியவன் நான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அக்காவிடம் பேசிப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அவருக்கு வேற யாரு இருக்கா தம்பி? நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்."

அவருடைய தைரியமாக இருக்க நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? இப்போது சொல்லும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

அதற்குப் பிறகு, பேக்டரி பஸ் போனதும் நான் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கைத்தடியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுவேன். அக்கா வருவதற்குமுன் திருப்பி வைத்துவிடுவேன். முதல் சில நாட்கள் அண்ணன் விடவில்லை. நல்ல கையில் பலம் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்ததும் அவரே தடியை நீட்டிவிடுவார். அந்த அளவுக்கு எங்களுக்குள் ஒரு புரிதல் இருந்தது. தடி இல்லாவிட்டால் டம்ளரால் தட்டினார். டம்ளரை பிளாஸ்டிக்காக மாற்றினேன். கையால் தட்டினார். சுவரில் ஈரம் ஏறுகிறது, அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நானும் அக்காவுமாகக் கட்டிலை அறையின் மறுகோடிக்கு நகர்த்தினோம். அக்கா அன்று நெத்திலிச் சம்பால் செய்து கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பின் வந்த மாதங்கள் நான் இந்த வீட்டில் வாழ்ந்த நல்ல மாதங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அண்ணனுக்கு என்ன குறை? ஃபேன் ஓடியது, டிவி ஓடியது, மத்தியானம் போய்க் கஞ்சி கொடுத்தேன். அவர் சுவரைக் காட்டிக் காட்டி அழுகிறார் என்று அக்கா சொன்னார். "உங்களத்தான் கேக்குறாரு தம்பி. உங்க மேல அவ்ளோ பாசம்" என்றார். இருக்கலாம் என்றேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், முக்கியமான மீட்டிங்கின் நடுவில், பக்கத்து வீட்டில் என்னவோ விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவரின் அடியில், இந்த மேசைக்கால் பக்கத்தில், தட்டல் கேட்டது. லயத்தில் தட்டுவதைப்போல, தட்டி, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, மறுபடி தட்டும் தட்டல். நான் மைக்கை மூடினேன். அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. பிறகு, எனக்கும் கேட்காமலிருக்க ஹெட்ஃபோனின் சத்தத்தைக் கூட்டினேன்.

மீட்டிங் முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிலிலிருந்து விழுந்து, அறை நீளத்துக்கும் தன்னை இழுத்துக்கொண்டு இந்தச் சுவர்வரை வந்திருந்தார். வாய் இன்னும் கோணியிருந்தது, மூச்சு இரைந்தது. இன்னொரு முறை பக்கவாதம் வந்திருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் உட்காரச் சொல்லித் தரையைத் தட்டினார்.

நான் நின்றபடியே யோசித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அக்காவும் ஓடிவருவார். அண்ணன் ஏன் தரையில் ஊர்ந்து வந்தார், தடி எங்கே என்று கேட்பார். தடி அலமாரி மேல் இருந்தது. அதை எடுத்து அண்ணனின் நல்ல கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கிரில்லைப் பூட்டிவிட்டு வந்து, அடுத்த மீட்டிங்கில் உட்கார்ந்தேன். தடியால் சில தடவை தட்டினார். நன்றாகவே கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

சாயங்காலம் அக்காவின் சத்தம் கேட்டதும் முதல் ஆளாக ஓடினேன். இரண்டாவது பக்கவாதம் என்றார்கள். யாரும் வேறெதுவும் கேட்கவில்லை. அக்காதான் என்னைத் தேற்றினார்.

"தடி கையிலதான் இருந்துச்சு தம்பி. தட்டக்கூடத் தெம்பில்லாமப் போய்ட்டாரு. தட்டியிருந்தா நீங்க ஓடி வந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? மனசுல வச்சுக்காதீங்க."

சவப்பெட்டியின் முன்பக்கத்தை என் தோளில்தான் சுமந்தேன். கிளாரிசாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. நான் அவரைக் கொல்லவில்லை, அவருக்கு வந்த நோய் அவரைக் கொண்டுபோனது என்று எனக்கே கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். உங்களிடம் அப்படிச் சொல்லமாட்டேன். நான்தான் கொன்றேன். ஆம்புலன்ஸ் வர நேரம் இருந்தது. ஆனால் கடைசியில் தடியைக் கொடுத்தவனும் நான்தான், அதையும் சேர்த்துத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு மனிதனை அவன் வேலையைச் செய்ய விட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. பார்சல் கொண்டுவந்தவர்கள், சாவி வாங்கி வந்தவள், என்னைத் தைரியம் என்றவர், ஒருவராவது என் கதவைத் தட்டி, வேலையாக இருக்கிறாயா என்று கேட்டிருக்கலாம்.

உங்கள் முகம் மாறிவிட்டது. ஏஜெண்டைக் கூப்பிட்டு அவசரப்படுத்த வேண்டாம். வெளியே போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். பகலில் வீட்டில் சும்மா இருக்கிற இரண்டு பேரின் பேச்சை இந்த ஊரில் யார் எடுத்துக்கொள்வார்கள்? வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு மட்டும்தான் இது புரியும் என்றுதான் உங்களிடம் சொன்னேன்.

ஏன் விற்கிறேன் என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தி ஓடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா வேலையை விட்டுவிட்டார். பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். கட்டிலை மறுபடி இந்தச் சுவரோரம் போட்டிருக்கிறார். அண்ணனின் தடி இப்போது அவர் கையில். "பயமா இருந்தா தட்டுவேன் தம்பி. நீங்க வரக்கூட வேணாம், திருப்பித் தட்டுனா போதும்" என்றார். நாள் முழுக்கத் தட்டுகிறார். இப்படி இருந்தால் எவனால் வேலை பார்க்க முடியும்?

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கிளினிக்குக்குப் போவார். உங்களை இன்று வரச் சொன்னது அதனால்தான். உள்ளே வந்ததும், எவ்வளவு அமைதி என்றீர்கள். ஏன் என்று கேட்கவில்லை.

நல்ல வீடு. யோசித்துச் சொல்லுங்கள். சாவி அந்த ஆணியிலேயே இருக்கும். அக்கா தட்டினால் நீங்கள் எழுந்து போகத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.