பெலிம்பிங் பற்றிப் போன் சொன்னது

இங்கே கொடுக்கிற, பால் விடாத தே ஓ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனி அளவாகப் போடத் தெரிந்தவர்கள் கிள்ளானில் அபூர்வம்.

என் பெயர் அமுதவள்ளி. முப்பது வருஷம் நர்ஸ், அதில் பாதி சிறுநீரக வார்டில். என் கணவர் வேலாயுதம் நில அளவையாளர். ஓய்வு பெற்றபின் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பாருங்கள், நோய்கூட எனக்குத் தெரிந்த இடமாகப் பார்த்துத்தான் வந்தது. ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். "நீ என்ன டாக்டரா? ஊசி போட்டவதானே" என்பார். போனில் இருக்கும் அந்த ஏஐயிடம் கேட்பார்.

நில அளவையைப் பற்றி அது ஒருமுறை தப்பாகச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வேலை, அதனால் தப்பு தெரிந்தது. தனக்குத் தெரியாத வைத்தியத்தில் மட்டும் அது சொன்னதே வேதவாக்கு.

நியாயமாகச் சொன்னால், அது பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னது. வாழைப்பழம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. அதையே போன் சொன்னதும் நிறுத்திவிட்டார். அன்று மகள் லோகேஸ்வரி பூச்சோங்கிலிருந்து மாமியார் வீட்டாரோடு வந்திருந்தாள். "ஆஸ்பத்திரில முப்பது வருஷம் இருந்து என்ன பிரயோஜனம் லா? இவளுக்குத் தெரியல, போனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அவர்கள் முன்னால் இவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் வடை எடுத்து வைத்தேன்.

அவருக்குக் கண்ணில் புரை விழுந்தபின், கேள்வியைத் தட்டுவதும் பதிலை வாசித்துக் காட்டுவதும் என் வேலையாயின. "அது சொல்றத வாசி, உன் வியாக்கியானம் வேணாம்" என்பார்.

போன மாதம் பந்திங்கிலிருந்து அவர் நண்பர் நாகையா ஒரு பை பெலிம்பிங் கொண்டுவந்தார். குறுக்கே நறுக்கினால் நட்சத்திரம் போல் விழுமே, அந்தப் பழம். இவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "பிரஷருக்கு நல்லதான்னு கேளு" என்றார். கேட்டேன். ரத்த அழுத்தத்துக்கு நல்லது, வைட்டமின் நிறைய என்று வாசித்தேன். "பாத்தியா?" என்றார். விதையெல்லாம் எடுத்து, அழகாக நறுக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் விக்கல் பிடித்தது. நிற்கவே இல்லை. "விக்கலுக்கு என்ன பண்றதுன்னு கேளு, அமுதா." கேட்டேன். தண்ணீர் குடிக்கலாம், மூச்சை அடக்கலாம் என்று வாசித்தேன். பாவம், சொன்னபடியே செய்தார். பிறகு அவருக்கு என் பெயர் மறந்துபோனது. வலிப்பு வந்தபின் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எதிலும் பதறக்கூடாது என்பது வார்டில் கற்றது. மறுநாள் காலையில் போய்விட்டார்.

இப்போது லோகேஸ்வரி, போன்தான் அப்பாவைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறாள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனீர்கள். அதனால்தான் நானே தேடி வந்தேன். போனைத் திறந்து பாருங்கள், எதையும் அழிக்கவில்லை. வயது, பிரஷர், பழுதான சிறுநீரகம், எல்லாவற்றையும் பழக்கதோஷத்தில் தட்டியிருக்கிறேன். ஆரோக்கியமானவர்களுக்கு நல்லது என்றுதான் அது ஆரம்பித்தது. அடுத்த வரியிலேயே, இவருக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள், விஷம் என்றது. விக்கல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றது. அது சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்?

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாசித்ததெல்லாம் அதில் இருக்கிறது.

இத்தனை நாள் எனக்குத் தெரிந்ததெல்லாம் போன் பேரில் போனது. இதையாவது என் பேரில் எழுதுங்கள், இன்ஸ்பெக்டர்.