முகாம் வாசலுக்கு ஒரு பட்டுச் சாரி

“கேம்புக்குப் போற பொம்புளைக்கு என்னத்துக்குகா பட்டுச் சாரி?”

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நடுவயதுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்த இளையவளைக் கேட்டாள். பஸ்ஸுக்கே கேட்கிற குரல். இளையவள் பச்சைப் பட்டு உடுத்து, முக்காட்டைச் சுருக்கமில்லாமல் போட்டிருந்தாள். அவளுடைய புருஷனை இராணுவம் வயலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மாரி முடிந்துவிட்டது என்பது பேச்சிலிருந்து விளங்கியது.

“ஊரு கதைக்குது புள்ள. புருஷன் மௌத்தானவள் மாதிரி வெள்ளை உடுத்து, நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ள இத்தா இருக்கட்டாம்.”

“மௌத்தெண்டா அவர்ட மையித்தக் கொண்டுவந்து காட்டட்டும் ராத்தா, இரிக்கன். காட்டாம வெள்ளை உடுத்தா, அவர மௌத்தாக்கினது நானாப் போயிடும்.”

“அதுக்குப் பட்டா?”

“முதல் தரம் அவரத் தேடிப் பழைய சீத்தைச் சாரியோடதான் போனன். கேட்டடியில நிண்டவன் புருஷன்ட பேரக் கேட்டான். அவர்ட பேர நான் ஒருநாளும் வாயால சொன்னதில்லையே. நாக்கு எழும்பல்ல. அழுதுட்டுத் திரும்பிட்டன். இத உடுத்தா நிமிந்து நிக்கேலும் ராத்தா. ஆருக்கும் காட்டுறதுக்கில்ல, எனக்குத்தான்.”



முகாமடியில் பஸ் நின்றது. இளையவள் எழும்பியபோது முந்தானை தோளிலிருந்து நழுவியது. மூத்தவள் தன் முக்காட்டு ஊசியைக் கழற்றி, அதைச் சரிசெய்து குத்திவிட்டாள்.

“பேரச் சத்தமாச் சொல்லுகா.”