நார்வேயில் பாப்பாவுக்கு ஓர் இடம்

"இந்த ஒரு வார்த்தையிலதாங்க நம்ம பாப்பா மாட்டிக்கிட்டிருக்கு."

குடவாசல் பேருந்தில் முன்னிருக்கைச் செவிலியர் தன் கணவரிடம் சொன்னது இது. நார்வே வேலைக்காக அன்று கைப்பேசியில் வாய்மொழித் தேர்வாம். தேறினால் குழந்தையையும் அழைத்துப் போகலாம். போன முறை அவரைக் கவிழ்த்தது 'பார்னஹாகெபிளாஸ்' என்ற நீளமான சொல்.

"நாத்து முடியை அப்படியேவா நடுவோம்? பிரிச்சுப் பாரு, ஸ்டெல்லா."

"பார்னன்னா பிள்ளை. ஹாகென்னா தோட்டம். பிளாஸ்னா இடம்."

"அவ்வளவுதான்! பாலர் பள்ளியில ஒரு இடம். பயப்படாம சொல்லு."

அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்ததில் பேருந்து நின்றது. வீடு சேருமுன்பே அழைப்பு வந்துவிட்டது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். என் மடியிலிருந்த மகன் அழுது கெடுத்துவிடுவானோ என்று பிஸ்கட் கொடுத்தேன். அவன் மெல்லும் சத்தம்கூட அதிகமோ என்று தோன்றியது.

செவிலியர் அந்த மொழியில் ஏதேதோ பதில் சொன்னார். நடுவே அந்தச் சொல் முழுதாக, தடங்கலின்றி வந்தது.

"பாஸ் பண்ணிட்டேங்க!"

கணவர் வாய் திறக்குமுன் நடத்துநர் கத்தினார்: "இங்கேருந்தே துண்டைப் போட்டு, பாப்பாவுக்கு நார்வேயில இடம் புடிச்சிட்டாங்கய்யா!"